விருந்துக்கு வந்த ராணி கை நனைக்கவில்லை

எங்கள் ஹாஸ்டல் சமையற்கட்டில் எறும்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு வந்துவிடும் என்பது சமையல்காரி புஷ்பலதாவின் கட்சி. "அந்தச் சனம்" என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் நான் ஸ்டோர் ரூமைத் திறந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, அந்தச் சனம் வந்துச்சுங்களா?" என்பதுதான். வராமல் என்ன? நான் தேவசிகாமணி, ஸ்டோர் கீப்பர். சர்க்கரையும் வெல்லமும் என் பொறுப்பு. அந்தச் சனம் இந்த மலையில் முதலில் வந்து நலம் விசாரிக்கிற ஆளே நான்தான்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற ரோட்டில், காப்பிச் செடிகளுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பெண்பிள்ளைகள் விடுதி. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. புஷ்பலதா நாகலூருக்கு மேலே இருக்கிற ஒரு மலை ஊர்க்காரி. திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். அந்தப் புண்ணியவானைப் பற்றி அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தகரப் பெட்டியோடு இங்கே சமையலுக்கு வந்தாள். சமையற்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். அதுதான் அவளுடைய வீடு, வாசல், சொத்து எல்லாம்.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. வியாதி என்றுதான் சொல்வேன். யாரும் சாப்பிடாமல் போகக்கூடாது. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் இரண்டு தோசை தின்னாமல் மீட்டரைப் பார்த்ததில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற பையன்கள் எங்கள் விடுதியைக் கடைசி டெலிவரியாக வைத்துக்கொள்வார்கள், அப்போதுதான் உட்கார்ந்து சாப்பிடலாம். வழி கேட்க வந்த டூரிஸ்ட் ஒருவரை வாழைக்காய் பஜ்ஜி கொடுத்து உட்கார வைத்ததில், அவருடைய வேன் அவரை விட்டுவிட்டே போய்விட்டது. வேண்டாம் என்று யாராவது சொன்னால் இவள் முகம் செத்துப் போகும். சண்டை போட மாட்டாள். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஜனங்கள் சாப்பிட்டார்கள்.

ஒரே விதிவிலக்கு அந்தச் சனம்தான். அதற்கு மட்டும் ஒரு பருக்கை கிடையாது. மஞ்சள் தூள், பெருங்காயம், மண்ணெண்ணெய், சாக்பீஸ் கோடு, எல்லாம் பார்த்தாயிற்று. அலமாரிக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். இரண்டு நாளில் ஒரு வைக்கோல் துரும்பு தண்ணீரில் குறுக்கே விழுந்து கிடந்தது. துரும்பு தானாக விழுந்தது என்று நான் சொன்னேன். அது பாலம் என்று அவள் சொன்னாள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர்கள் வருகிற நாள். கேசரி போட்டிருந்தாள். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு தகப்பனார் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இது என்னங்க கருப்பா?"

"கிராம்புங்க," என்றேன். எனக்கு வேறு என்ன வாயில் வரும்?

அவர் தட்டைச் சாய்த்துக் காட்டினார். "ஏனுங்க, உங்க ஊருல கிராம்பு நடக்குமுங்களா?"

கிராம்பு கேசரி மலையிலிருந்து இறங்கி தட்டின் விளிம்பில் ஒரு சுற்று நடந்தது. அன்று சாயங்காலம் வார்டன் ஆன்மேரி மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. சத்தம் போடவும் மாட்டார். அதனால்தான் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"புஷ்பா, இதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்லம்மா. இன்னொரு தடவை ஒரே ஒரு தட்டுல எறும்பு வந்தாலும் சமையலைக் காண்ட்ராக்டுக்கு விட்டுருவேன். சேலத்துல ஆளு பாத்தாச்சு."

காண்ட்ராக்ட்காரர் வந்தால் அவருடைய ஆட்கள் வருவார்கள். ஆட்களுக்கு அந்த அறை வேண்டும். இதை மேடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. புஷ்பலதா தலையை ஆட்டிவிட்டு வந்து, மறுநாள் சட்னிக்குத் தேங்காய் உடைத்தாள். உடைத்த வேகத்தில் ஒரு மூடி ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது.

அவள் செல்போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்து சமையல் வீடியோ பார்ப்பாள். ஒரு நாள் மீன் குழம்பு முடிந்ததும் அதுவாகவே அடுத்த வீடியோ ஓடியது. ஒரு பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் எறும்பு வளர்க்கிறான். நாய் வளர்க்கிற மாதிரி, கிளி வளர்க்கிற மாதிரி.

"அண்ணா, இங்க வந்து பாருங்க. இந்தத் தம்பி அந்தச் சனத்தை ஊட்டுல வெச்சுச் சோறு போடறானுங்க."

"பெத்தவங்க கவனிக்கல போலிருக்கு," என்றேன்.

"ராணின்னு ஒருத்தங்க இருக்காங்களாமுங்க. அவங்கதான் அத்தனைக்கும் அம்மாவாமுங்க. மழை பேஞ்சா ரெக்கையோட வெளிய வருவாங்களாம். அவங்களைக் கூட்டியாந்து வெச்சாத்தான் கூட்டமே உண்டாவுமாம்."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அன்று முழுக்க யோசித்துவிட்டு சாயங்காலம் ஸ்டோருக்கு வந்தாள்.

"எங்க ஊருல, பக்கத்து ஊரு மாடு நம்ம கேவுரு காட்டுல மேஞ்சுருச்சுன்னா மாட்டோட யாரும் மல்லுக்கு நிக்க மாட்டாங்கண்ணா. அந்த ஊரு பெரியவரைக் கூட்டியாந்து, பாய் போட்டு உக்கார வெச்சு, ஒரு வாய் சோறு போட்டுருவாங்க. நம்ம உப்பைத் தின்ன பொறகு அவரு சனம் நம்ம காட்டுல கால வெக்குமுங்களா?"

"வெக்காது."

"அப்ப ராணியைக் கூட்டியாந்து ஒரு வாய் போட்டுட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. "ஏம்மா, உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு மனுசனுக்குச் சொல்லியிருக்கு. எறும்புக்கு யாரு சொன்னா?"

"பேரைச் சொல்லாதீங்கண்ணா," என்றாள் அவள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இவள் வேலிக்கே போய் ஓணானுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிட்டாள். மழை நின்று வெயில் அடிக்கிற நேரமெல்லாம் புஷ்பலதா விளையாட்டு மைதானத்தில் குனிந்து நடந்தாள். முதல் நாள் ஒரு சொம்பு நிறைய இறக்கை முளைத்ததாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்தேன்.

"இது ஈசல் புஷ்பா. கரையான் சாதி. உங்க ஊருல வறுத்துத் தின்பாங்களே."

"அட ஆமாங்க," என்று அவளே சிரித்துவிட்டாள். கரையானோடு அவளுக்கு எந்த வழக்கும் இல்லை. ஆகவே அரிசியோடு சேர்த்து வறுத்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. நானும் இரண்டு கை தின்றேன்.

சமையல்காரம்மா தோட்டைத் தொலைத்துவிட்டாள் என்று விடுதி முழுக்கப் பேச்சுக் கிளம்பியது. பிள்ளைகள், வாட்ச்மேன், தோட்டக்காரர் எல்லோரும் சேர்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அப்படித் தேடியதில் ஒரு தோடு உண்மையாகவே கிடைத்தது. அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது. ராணி மட்டும் கிடைக்கவில்லை. பெரிய உடம்பு, பருத்த வயிறு, இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு, வாடகைக்கு வீடு தேடுகிற பொம்பளை மாதிரி தனியாக அலையும் என்று வீடியோப் பையன் சொல்லியிருந்தான். இவள் கண்ணில் பட்டதெல்லாம் குச்சி உடம்புக்காரர்களாக இருந்தார்கள். அவர்கள் மாப்பிள்ளைகள். மாப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆடி மாதம் சேலத்துக் காண்ட்ராக்ட்காரர் முன்கூட்டியே இடம் பார்க்க வந்தார். நல்லமுத்து என்று பேர். வெள்ளைச் சட்டை, கையில் டேப், இன்னொரு கையில் டிபன் கேரியர். சமையற்கட்டை நீளமும் அகலமும் அளந்தார். அந்தப் பின்னறையையும் அளந்தார். புஷ்பலதா அவருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்தாள். தன் வீட்டை அளக்கிறவனுக்குக் காப்பி! எனக்கு அவள் மேல்தான் எரிச்சலாக வந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா," என்றார் அவர். "எடுக்கப்போற கிச்சன்ல நான் கை நனைக்கறதில்லைங்க. பொண்ணு பாக்கப் போனா, பேச்சு முடியற வரைக்கும் அந்த ஊட்டுல கை நனைப்பமுங்களா? அது மாதிரி ஒரு வழக்கமுங்க."

"ஒரு வாய் காப்பிதானுங்களே."

"பச்சத்தண்ணி கூட வேண்டாமுங்க."

வெளியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தன் கேரியரைத் திறந்து, தன் தயிர்சாதத்தைத் தன் ஊறுகாயோடு சாப்பிட்டார். புஷ்பலதா ஜன்னலில் நின்று பார்த்தாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். இந்த ஆள் விவரமானவர், அந்தப் பார்வையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு தூறல் போட்டு நின்றது. வெயில் வந்தது. மண்ணிலிருந்து அந்தச் சனம் இறக்கையோடு எழும்பியது. நல்லமுத்து வெளிச்சுவரை அளந்துகொண்டிருந்தார். கறுப்பாக, பெரிதாக ஒன்று பறந்து வந்து அவருடைய வெள்ளைக் காலரில் உட்கார்ந்தது. உட்கார்ந்து ஒரு இறக்கையை உதிர்த்தது.

"அசையாதீங்க," என்றாள் புஷ்பலதா.

அவர் டேப்பைப் பிடித்தபடி விறைத்து நின்றார். "பாம்புங்களா?"

"இல்லீங்க. பெரியவங்க."

சிக் ரூமிலிருந்து வாங்கிய காலி மாத்திரை பாட்டில் ஒன்று எப்போதும் அவள் இடுப்பில் இருந்தது. அதை அவர் கழுத்தோரம் வைத்து, ஒரு முருங்கை இலையால் மெல்லத் தள்ளி உள்ளே இறக்கினாள். அவ்வளவு மரியாதையாக அவள் வார்டனிடம்கூடப் பேசி நான் பார்த்ததில்லை. நல்லமுத்து கழுத்தைத் தடவிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"ஏனுங்க, இந்தம்மா எப்பவும் இப்படித்தானுங்களா?"

"இல்லைங்க," என்றேன். "இப்ப கொஞ்ச நாளாத்தான்."

பாட்டிலின் அடியில் தண்ணீர், அதன் மேல் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. வீடியோவில் சொன்னபடியே செய்தாள். இருட்டான, ஆட்டம் இல்லாத இடம் வேண்டும். விடுதியிலேயே அப்படி ஓர் இடம் என் ஸ்டோர் ரூமில், உப்பு ஜாடிக்குப் பின்னால்தான் இருந்தது.

"எனக்குச் சம்பளமே இதை உள்ளே விடாம இருக்கறதுக்குத்தான்," என்று கத்தினேன்.

"இவங்க அந்தச் சனம் இல்லீங்கண்ணா. விருந்தாளி."

"கிச்சன்ல வர்றது பொடிசு. இது கட்டெறும்பு. வேற இனம். அது பேச்சை இது கேக்குமா, இது பேச்சை அது கேக்குமா?"

"பெரிய எடமுங்க. சொன்னா கேட்டுத்தான் ஆவணும்."

அன்றைக்கு ராணிக்கு முதல் விருந்து. கேசரியில் கடுகளவு. ராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் தேன். அதற்கு மறுநாள் பலாச்சுளை. பிறகு இட்லி, பொங்கல், வறுத்த கருவாடு, ஓட்டை உளுந்து வடை. ஓட்டையை ஏன் வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. எதையும் அது தொடவில்லை. பஞ்சில் இருக்கிற ஈரத்தை நக்கியதோடு சரி.

"இன்னிக்கும் அவங்க கை நனைக்கலைங்கண்ணா," என்று தினமும் காலையில் வந்து நிற்பாள். கண்கள் உள்ளே போய்விட்டன. அவள் சமையலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் கூரைக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிற முதல் ஆள் அதுதான். நல்லமுத்துவாவது எழுந்து போனார்.

"அந்தப் பையன்தான் சொல்றானே," என்று நான் வீடியோவைக் காட்டினேன். "முதல் குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அது ஒண்ணும் தின்னாதாம். உடம்புல இருக்கற சத்தை வெச்சே சமாளிக்குமாம். தொந்தரவு பண்ணாதேங்கறான்."

"அவன் ஆம்பளைப் பையனுங்க. அவனுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, திடீரென்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். "மசக்கையா இருக்குமுங்கண்ணா."

அதற்குப் பிறகு என் ஸ்டோர் ரூமுக்குள் மாங்காய்க் கீற்று வந்தது. புளி வந்தது. நெல்லிக்காய், அடுப்புச் சாம்பல், ஒரு நாள் செங்கல் தூள். பஞ்சின் ஓரத்தில் பூஞ்சை பூத்தது. நான் ஒரு கத்துக் கத்தினேன், வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். அன்றோடு உள்ளே வைப்பதை நிறுத்தினாள். புதுப் பஞ்சு மாற்றினாள். பிறகு சாப்பாட்டை ஒரு மூடியில் வைத்து, பாட்டிலுக்கு எதிரில் காட்டி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு போவாள். நான் சர்ச்சுக்குப் போகிற மனுஷன். என் ஸ்டோர் ரூமில் தினம் மூன்று வேளை நைவேத்தியம் நடந்தது.

இதில் எனக்கு ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. விருந்தாளி வீட்டில் இருக்கும்போது அவர்கள் சனத்தின் மேல் கை வைக்கலாமா? சாக்பீஸ் குப்பைக்குப் போனது. மண்ணெண்ணெய் விளக்குக்குப் போனது. ஓர் எறும்பைக்கூட நசுக்கக் கூடாது என்று உத்தரவு. நசுக்கக் கூடாது, ஆனால் தட்டிலும் வரக்கூடாது. அப்படியானால் அதற்குச் சமையற்கட்டில் வேலையே இருக்கக் கூடாது. புஷ்பலதா சிந்தினதையெல்லாம் சிந்தின கையோடு துடைத்தாள். வெல்லத்தை மூடினாள், மூடிக்கு ஒரு மூடி போட்டாள். சர்க்கரை மூட்டையின் வாயை நான் ஒவ்வொரு தடவையும் தைத்துத் தைத்துப் பிரித்தேன். காலையில் எழுந்ததும் வெளியே துவைக்கிற கல்லில் ஒரு பிடி குருணையும் வெல்லப் பொடியும் போடுவாள். "இது அவங்க பங்கு," என்பாள். அந்தச் சனம் கல்லுக்கு வந்து தின்றுவிட்டுக் கல்லிலிருந்தே திரும்பிப் போனது. ஆவணி முழுக்கச் சமையற்கட்டில் ஒன்றுகூட வரவில்லை. ஆன்மேரி மேடமே சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் இன்னொரு தடவை திறந்து பார்த்தார்.

"பாத்தீங்களாண்ணா?" என்றாள் புஷ்பலதா.

"நீ துடைக்கிற துடைப்புக்கு எதும்மா வரும்?"

"அவங்க வந்து உக்காந்ததுக்கே இவ்வளவுங்க. ஒரு வாய் சாப்பிட்டாங்கன்னா பாருங்க."

அப்புறம் ஒரு நாள் ராணியின் காலடியில் வெள்ளையாக ரவை மாதிரி கொஞ்சம் கிடந்தது. முட்டை. "மசக்கைதானுங்களே, நான் சொன்னேன்ல," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் பருப்பு மூட்டையைப் பிரிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகிற பொம்பளைகளைப் பார்த்தால் என்ன பேசுவதென்று தெரியாது.

புரட்டாசியில் மறுபடி பெற்றோர் வருகிற ஞாயிறு வந்தது. ஆன்மேரி மேடம் முன்னாலேயே சொல்லிவிட்டார். "நல்லமுத்து சாரும் அக்ரிமெண்டோட வர்றாரு புஷ்பா. நான் அவரை வரச் சொல்லி நொம்ப நாளாச்சு, மறுக்க முடியல. அன்னிக்கு ஒரு தட்டுலயும் புகார் வரலைன்னா அந்தப் பேச்சையே விட்டுடலாம். வந்துச்சுன்னா கையெழுத்துப் போட்டுருவேன். சரிதானே?"

"சரிங்க மேடம்," என்றாள் புஷ்பலதா.

அன்று காலையில் நான் ஸ்டோரைத் திறந்து உப்பு எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பாட்டிலுக்குள் குட்டிக் குட்டியாகக் கறுப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நானே ஓடிப் போய் அவளைக் கூப்பிட்டேன். கேசரி வாணலியை அப்படியே இறக்கிவிட்டு வந்தாள்.

"புள்ளைங்க வந்துட்டாங்கண்ணா," என்றாள் ரகசியமாக.

ஒரு கைக்குள் அடங்குகிற கூட்டம்தான். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து, கேசரிப் பாகில் தொட்டு, பஞ்சை விலக்கி உள்ளே நீட்டினாள். குட்டிகள் வந்தன. குடித்தன. குடித்துவிட்டு ஒன்று ராணியிடம் போய் அதன் வாயில் தன் வாயை வைத்தது. ராணியின் தாடை அசைந்தது.

"சாப்பிடறாங்க," என்றாள். "நம்ம பாகு. சாப்பிடறாங்கண்ணா."

நானும் பார்த்தேன். சாப்பிட்டது உண்மைதான். எனக்கே நெஞ்சில் என்னமோ செய்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அதற்குள் வெளியிலிருந்து மேடத்தின் குரல். முதல் பஸ்ஸில் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். பஞ்சை அடைத்துவிட்டு, கையிலிருந்த ஈர்க்குச்சியைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு எதுவும் கையில் இருந்தால் கொண்டையில் செருகுவது பழக்கம். பேனா, ஊதுவத்தி, ஒரு தடவை முருங்கைக்காய்.

மத்தியானம் பந்தி நடந்தது. சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, பீன்ஸ் பொரியல், ரசம், கேசரி. ஈரோட்டுக்காரர் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஏமாந்தவர் மாதிரி எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனார். ஒரு புகார் இல்லை. பந்தி முடிந்து ஹால் காலியாகிற நேரத்தில் வெளியே நல்லமுத்துவின் சத்தம் கேட்டது.

அவர் போன தடவை மாதிரியே கேரியரைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு ஆபீஸில் பேசப் போயிருக்கிறார். கல் யாருடைய பங்கு வைக்கிற இடம் என்று அவருக்கு என்ன தெரியும்? கேரியரின் நாலு அடுக்கிலும் அந்தச் சனம் பந்தி போட்டிருந்தது.

"அங்க எதுக்குங்க வெச்சீங்க?" என்று புஷ்பலதா பதறிவிட்டாள். "அது அவங்க எடமுங்க."

"யாரு எடமுங்க?"

"வாங்க. உள்ள வாங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

"இல்லைங்கம்மா. நான்தான் அன்னிக்கே..."

விடியற்காலையில் சேலத்தில் கிளம்பிய மனுஷன். மலைக்குளிர் வேறு. ரசத்தின் வாசம் ஜன்னல் வழியாக நேராக அவர் மூக்குக்குப் போனது. புஷ்பலதா ஓரமாக நின்று அந்தப் பார்வையைப் பார்த்தாள். இந்தத் தடவை அவருக்குத் திருப்பிக்கொள்ள முதுகு இல்லை, பின்னால் எறும்பு.

உட்கார்ந்தார். முதலில் ஒரு கை குழம்புச்சோறு. பிறகு நிமிரவே இல்லை. இரண்டாம் தரம் சோறு வாங்கினார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். "மொச்சை எங்கயுங்க வாங்கறீங்க?" என்று என்னைக் கேட்டார், பதிலைக் கேட்கவில்லை. புஷ்பலதா குனிந்து கேசரி வைத்தாள்.

நான் ரச வாளியோடு எதிரில் நின்றிருந்தேன். அவள் குனிந்தபோது கொண்டையில் இருந்த ஈர்க்குச்சியின் நுனியிலிருந்து ஏதோ ஒன்று உதிர்ந்ததைப் பார்த்தேன். கேசரியின் மேல் விழுந்தது. எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. காலையில் பாகு குடித்த குட்டிகளில் ஒன்று. ரசம் என் வேட்டியில் சிந்தியது.

நல்லமுத்துவும் பார்த்தார். கை பாதியில் நின்றது. புஷ்பலதா பார்க்கவில்லை, இன்னும் கொஞ்சம் நெய் எடுத்து வருகிறேன் என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அதே நேரம் ஆன்மேரி மேடம் அக்ரிமெண்ட் காகிதத்தோடு ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தார்.

"சாப்பாடு எப்படிங்க சார் இருக்கு?"

அவர் தட்டைப் பார்த்தார். மேடத்தின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். நெய்க் கிண்ணத்தோடு திரும்பி வருகிற புஷ்பலதாவைப் பார்த்தார். பிறகு கேசரியை மொத்தமாக ஓர் உருண்டையாக வழித்து வாயில் போட்டார். முகம் ஒரு தடவை சுருங்கியது. விழுங்கினார்.

"கேசரியில கருப்பா என்னவோ இருந்துச்சே," என்றார் மேடம் தட்டை எட்டிப் பார்த்தபடி.

"கிராம்புங்க மேடம்," என்றார் நல்லமுத்து. "நல்ல காரமான கிராம்பு."

மேடம் என் முகத்தைப் பார்த்தார். நான் ரச வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லமுத்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, இந்த இடம் தனக்குத் தோதுப்படாது, மலைமேல் ஆள் வைத்துப் பார்க்க முடியாது, தப்பாக நினைக்க வேண்டாம் என்று நாலு வார்த்தை சொன்னார். காகிதம் மேடத்தின் கையிலேயே மடங்கிப் போனது.

நாலு மணி பஸ்ஸுக்கு அவரை வழியனுப்ப நான்தான் போனேன். கழுவின கேரியரில் புஷ்பலதா மறுபடி நாலு அடுக்கும் நிரப்பிக் கொடுத்திருந்தாள். ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்குத்தானே வேலை வந்திருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே."

"கை நனைச்சுட்டேனுங்களே," என்றார். "தின்ன கை காயல, அதுக்குள்ள அந்தம்மாவை எந்திரிச்சுப் போன்னு எப்படிங்க சொல்றது? இதுக்குத்தானுங்க நான் எங்கயும் சாப்பிடறதில்ல." பஸ் வந்தது. ஏறப் போனவர் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "போறப்ப ஒரு கடி கடிச்சுட்டுத்தானுங்க போச்சு."

நான் திரும்பி வந்தபோது புஷ்பலதா ஸ்டோர் ரூமில் இருந்தாள். அறை தங்கிவிட்டது, வேலை தங்கிவிட்டது, விருந்தாளி சாப்பிட்டாயிற்று. பாட்டு பாடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னு கொறையுதுங்கண்ணா."

"சரியா எண்ணு."

"மூணு தரம் எண்ணிட்டேனுங்க." உப்பு ஜாடியை நகர்த்திப் பார்த்தாள். அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கொண்டையிலிருந்த ஈர்க்குச்சியை உருவி, அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொறந்தே ஒரு நாள் ஆவல. வழி தெரியாதுங்களே."

அந்தக் குட்டி அந்நேரம் சேலம் பஸ்ஸில் பாதி மலை இறங்கியிருக்கும். சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. நானும் குனிந்து மூட்டைகளுக்கு அடியில் தேடுகிற மாதிரி தேடினேன். போயும் போயும் ஓர் எறும்புக்கு.

"வெளியூருக்குப் போயிருக்கும் புஷ்பா," என்றேன்.

அவள் ஈர்க்குச்சியை மறுபடி கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுத்தானுங்களே போச்சு?"

"சாப்பிட்டுட்டுத்தாம்மா போச்சு. நான் பாத்தேன்."

"அப்பச் சரிங்க," என்று பஞ்சை இறுக்கி அடைத்து, பாட்டிலை உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ராத்திரி உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கப் போனாள்.